வெளிநாட்டில் புது வேன் வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுபோகிறீர்களா? ஐரோப்பாவில் எந்த வரியை எங்கே கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்விட்சர்லாந்தில் இருந்துகொண்டு ஜெர்மனியில் புது வேன் வாங்கி ஓட்டிவந்தவன் நான். அந்த ஒரு வாரத்தில் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. அதன் பிறகு உறவினர், நண்பர் என்று யார் எல்லைக்கு அந்தப் பக்கம் வண்டி வாங்கப் போனாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் பலருக்கும் உதவும் என்று உட்கார்ந்தேன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாங்கி வேறு நாட்டில் பதிவு செய்பவர்களுக்கானது இது.

வெளிநாட்டில் வாங்கினால் வரி கட்ட வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

பாதிதான் உண்மை. வாங்கும் நாட்டின் வாட் (மதிப்புக் கூட்டு) வரி உங்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வேன் எந்த நாட்டில் ஓடப்போகிறதோ அந்த நாடு தன் வரியைக் கேட்காமல் விடாது. வரி காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான். லாபம் என்று ஒன்று இருந்தால் அது வரிக்கு முந்தைய விலையில்தான் இருக்கும். ஆகவே இரண்டு டீலர்களின் விலையை ஒப்பிடும்போது முதலில் வாட் வரியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

வரிக்கு முந்தைய விலை நாட்டுக்கு நாடு நிறையவே வேறுபடும். டென்மார்க்கில் பதிவு வரி மிக அதிகம் என்பதால், வாங்குபவர் மிரண்டு போகாதிருக்க உற்பத்தியாளர்கள் அங்கே அடிப்படை விலையைக் குறைத்தே வைத்தார்கள். ஐரோப்பிய ஆணையம் முன்பு வெளியிட்டுவந்த கார் விலை அறிக்கைகளில் இது ஆண்டுதோறும் தெரிந்த விஷயம்.

மொத்தம் எத்தனை வரி?

நான்கு பெயர்களை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரி. ஒன்றியத்தின் எல்லையைத் தாண்டினால் மட்டும் வரும் சுங்க வரி. வண்டியை முதன்முறையாகப் பதிவு செய்யும்போது சில நாடுகள் வாங்கும் பதிவு வரி. அப்புறம் ஆண்டுதோறும் கட்டும் வாகன வரி. கடைசியாகச் சொன்னதை வண்டி ஓடும் நாட்டில் எல்லாரும் கட்டத்தான் வேண்டும், வாங்கிய இடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதனால் இங்கே முதல் மூன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எது "புது" வேன்? ஷோரூமிலிருந்து வெளியே வந்ததும் பழையதாகிவிடாதா?

வாட் சட்டத்தின் கண்ணில் ஆகாது. ஒன்றியத்தின் வாட் விதிப்படி, முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்து 6 மாதம் ஆகாத வண்டி புதியது. 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வண்டியும் புதியது. இந்த இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். பலர் தடுக்கி விழுவது இந்த "அல்லது" என்ற சொல்லில்தான்.

மூன்றே மாதத்தில் 20,000 கிலோமீட்டர் ஓடிய வேன் புதியது, ஏனென்றால் 6 மாதம் ஆகவில்லை. எட்டு மாதமாக டீலர் வாசலில் நின்று 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிய வேனும் புதியதுதான், ஏனென்றால் 6,000 தாண்டவில்லை. இரண்டு எல்லைகளையும் கடந்த வண்டியே வாட் கணக்கில் பழைய வண்டி.

என் உறவினர் ஒருவர் 5,800 கிலோமீட்டர் ஓடிய, பயன்பாட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆன வேனைப் பழைய வண்டி என்று நம்பி வாட் சேர்த்த விலைக்கு வாங்கினார். சொந்த நாட்டில் பதிவு செய்யப் போனபோது அங்கேயும் முழு வாட் கேட்டார்கள். இன்னும் 201 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

டீலர் தன் பெயரில் ஒரு நாள் மட்டும் பதிவு செய்துவிட்டு, விலை குறைத்துத் தருகிறார். அதைப் பழைய வண்டி என்று சொல்லலாமா?

ஜெர்மனியில் இதை டாகஸ்ட்சுலாசுங் என்பார்கள். வண்டியின் பதிவுப் பத்திரத்தில் உங்களுக்கு முன்னால் ஒரு உரிமையாளர் பெயர் இருக்கும், விலையும் இறங்கியிருக்கும். ஆனால் மேலே சொன்ன 6 மாதம், 6,000 கிலோமீட்டர் அளவுகோலில் அது புது வண்டியே. முதல் பதிவுத் தேதியையும் ஓடிய தூரத்தையும் மட்டும் பாருங்கள், விளம்பரத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காதீர்கள்.

ஒன்றிய நாடு ஒன்றில் வாங்கி இன்னொரு ஒன்றிய நாட்டுக்குக் கொண்டுபோனால்?

சுங்கம் கிடையாது. வாட் மட்டும் போகும் நாட்டில். சாதாரணமாக ஒரு தனிநபர் பக்கத்து நாட்டில் டிவி வாங்கினால் அங்கேயே வாட் கட்டிவிட்டு வந்துவிடலாம், கதை முடிந்தது. புது வண்டிக்கு மட்டும் விதிவிலக்கு. வாங்குபவர் வியாபாரியாக இல்லாவிட்டாலும் சேரும் நாட்டின் விகிதத்தில் வாட் கட்ட வேண்டும்.

கணக்காகப் பார்ப்போம். வாட் இல்லாமல் 40,000 யூரோ விலையுள்ள வேன். ஜெர்மனியில் 19 சதவீதம், அதாவது 7,600 யூரோ. அதே வண்டியை டென்மார்க்கில் அல்லது ஸ்வீடனில் பதிவு செய்தால் 25 சதவீதம், 10,000 யூரோ. பிரான்ஸில் 20 சதவீதம், 8,000 யூரோ. லக்ஸம்பர்க்கில் 17 சதவீதம், 6,800 யூரோ. ஒன்றியத்திலேயே அதிகம் ஹங்கேரி, 27 சதவீதம், 10,800 யூரோ. லக்ஸம்பர்க்கில் வாட் குறைவு என்று அங்கே போய் வாங்கும் பிரான்ஸ்காரருக்கு அந்தக் குறைந்த விகிதம் எந்த வகையிலும் உதவாது. அவர் கட்டப்போவது 20 சதவீதம்தான்.

கெடு விஷயத்தில் கவனமாக இருங்கள். வேறு ஒன்றிய நாட்டில் வாங்கி ஜெர்மனிக்குக் கொண்டுவரும் தனிநபர் 10 நாட்களுக்குள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்து பணத்தைக் கட்ட வேண்டும். பிரான்ஸில் வாட் விவகாரம் தீர்ந்தது என்பதற்கு வரி அலுவலகம் கித்யூஸ் ஃபிஸ்கால் என்ற சான்று தரும். அது கையில் இல்லாமல் பதிவுக்குப் போனால் திரும்பித்தான் வர வேண்டும்.

விற்கும் டீலர் தன் நாட்டு வாட்டையும் வாங்கிக்கொள்கிறாரே. இரண்டு முறை கட்டுவதா?

இல்லை. வண்டி வேறு ஒன்றிய நாட்டுக்குப் போய்ப் பதிவாகிறது என்று நிரூபணமானால் அவர் வாட் இல்லாமல் விற்க வேண்டிய வண்டி அது. ஆனால் நீங்கள் கொண்டுபோகாமல் அவர் நாட்டிலேயே வைத்துக்கொண்டால் வரி அலுவலகம் அவரைத்தான் பிடிக்கும். அந்தப் பயத்தில் வாட் தொகையை டெபாசிட்டாக வாங்கிவைத்து, பதிவுச் சான்று வந்ததும் திருப்பித் தருகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அவர் மீது கோபப்படத் தேவையில்லை.

ஆனால் எழுத்தில் இல்லாத டெபாசிட் கொடுக்காதீர்கள். எவ்வளவு தொகை, எந்தெந்தத் தாள் வந்தால் திரும்பும், எத்தனை நாளுக்குள் திரும்பும், எந்தக் கணக்குக்கு என்ற நான்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "அது எல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் டீலரிடம் 7,000 யூரோவை விட்டுவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிப்பட்டவரிடம் வாங்காமல் திரும்பிவிடுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

கம்பெனி பெயரில் வாங்கினால்?

வாட் எண் உள்ள நிறுவனம் என்றால் வேலை எளிது. டீலர் இரு தரப்பு வாட் எண்களையும் போட்டு வரியில்லா இன்வாய்ஸ் தருவார். நீங்கள் உங்கள் வாட் கணக்கில் அந்தக் கொள்முதலுக்கான வரியைக் காட்டி, தொழிலுக்குத்தான் வேன் என்றால் அதே கணக்கில் கழித்துக்கொள்ளலாம். டீலரிடம் போகும் முன் உங்கள் எண் ஐரோப்பிய ஆணையத்தின் வீஸ் தளத்தில் செல்லுபடியாகும் என்று காட்டுகிறதா எனப் பாருங்கள்.

ஒன்றியத்துக்கு வெளியே கொண்டுபோனால்? ஸ்விட்சர்லாந்து, பிரிட்டன், நார்வே...

இது முழு ஏற்றுமதி. வாட் விலக்கு உண்டு, ஆனால் வண்டி ஒன்றியத்தை விட்டு வெளியேறியது என்பதற்கான சுங்கச் சான்று டீலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நான் அடிபட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் வேனின் விலை வாட் இல்லாமல் 36,000 யூரோ. 19 சதவீதமான 6,840 யூரோவை டெபாசிட்டாகக் கட்டினேன். "எல்லையில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள், அதை அனுப்புங்கள், பணம் வந்துவிடும்" என்றார் விற்பனையாளர். நம்பிக் கிளம்பினேன். சனிக்கிழமை மாலை எல்லைக்குப் போனால் சரக்குப் பிரிவில் ஷட்டர் இறங்கியிருந்தது. பயணிகள் வழியில் நின்ற அதிகாரி இன்வாய்ஸைப் பார்த்துவிட்டு, "ஏற்றுமதி அறிவிப்பு எங்கே?" என்று கேட்டார். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. அப்போதுதான் அந்தச் சொல்லையே முதன்முதலாகக் கேட்கிறேன்.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் 3,000 யூரோவுக்கு மேற்பட்ட பொருளை நேராக எல்லைக்குக் கொண்டுபோய் அறிவிக்க முடியாது. முதலில் உள்நாட்டுச் சுங்க அலுவலகத்தில் மின்னணு முறையில் ஏற்றுமதி அறிவிப்பைத் தாக்கல் செய்து அனுமதி வாங்க வேண்டும். எம்.ஆர்.என் என்ற எண்ணும் பார்கோடும் உள்ள தாள் கிடைக்கும். அதை எல்லையில் காட்டினால், வண்டி வெளியேறியதும் அங்குள்ள அலுவலகம் கணினியில் பதிவு செய்யும். அதன் பிறகு அறிவிப்பைத் தாக்கல் செய்தவருக்கு வெளியேற்றச் சான்று மின்னஞ்சலில் வரும். டீலருக்கு வேண்டியது அந்தச் சான்றுதான்.

மூன்று இரவு ஓட்டல் அறை. வண்டியோ கண்ணெதிரே வாசலில். நம்பர் பிளேட்டின் வலப்பக்கம் சிவப்புப் பட்டையில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், அதைக் காலையும் மாலையும் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை ஒரு சுங்க முகவரைப் பிடித்து அறிவிப்பைத் தாக்கல் செய்தோம். செவ்வாய்க்கிழமை நண்பகலில்தான் எல்லை தாண்டினேன். டெபாசிட் ஏழு வாரம் கழித்து வந்தது.

ஆகவே மூன்று விஷயம். ஏற்றுமதி அறிவிப்பை யார் தாக்கல் செய்வது என்பதைப் பணம் கட்டும் முன்பே பேசி முடியுங்கள். டீலரால் முடியாது என்றால் சுங்க முகவருக்குக் கொடுங்கள், அந்தச் செலவு டெபாசிட்டை இழப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. எல்லைக்கு வார நாளில், பகலில் போங்கள்.

நான் ஜெர்மனியில்தான் வசிக்கிறேன். தம்பிக்காக வேன் வாங்கி நானே ஓட்டிக்கொண்டுபோய் ஒன்றியத்துக்கு வெளியே கொடுத்தால் விலக்கு உண்டா?

உங்கள் பெயரில் வாங்கி நீங்களே கொண்டுபோனால் இல்லை. வாங்குபவரே எடுத்துச்செல்லும்போது அவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பது ஜெர்மன் விதி. டீலரே தன் பொறுப்பில் வெளிநாட்டுக்கு அனுப்பினால் வாங்குபவரின் வசிப்பிடம் தடையில்லை. எளிய வழி, முதலிலிருந்தே இன்வாய்ஸைத் தம்பி பெயரில் போடச் சொல்வது.

ஸ்விட்சர்லாந்தில் எவ்வளவு ஆகும்?

தொழில்துறைப் பொருட்களுக்கான சுங்க வரியை ஸ்விட்சர்லாந்து 2024 ஜனவரி 1 முதல் அடியோடு நீக்கிவிட்டது. மிச்சம் இருப்பது வாகன வரி 4 சதவீதமும் வாட் 8.1 சதவீதமும். இதில் வேன் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கோடு உண்டு. சரக்கு வேனின் வெற்று எடை 1,600 கிலோவைத் தாண்டினால் அந்த 4 சதவீதம் கிடையாது. பயணிகள் கார் வகையில் வரும் வண்டிக்கு எடை எதுவானாலும் உண்டு. பெரிய உடல் கொண்ட சரக்கு வேன்கள் எல்லாம் 1,600 கிலோவுக்கு மேல்தான். சின்ன டெலிவரி வேன்கள் இந்தக் கோட்டை ஒட்டியே நிற்பவை. ஆகவே வாங்கும் முன் பத்திரத்தில் உள்ள எடையைப் பாருங்கள்.

சின்ன வேன், 25,000 ஃப்ராங்க் என்று வைத்துக்கொள்வோம். வாகன வரி 1,000. வாட் கணக்கிடும்போது இந்த வரியையும் சேர்த்து 26,000 மீது 8.1 சதவீதம், 2,106. ஆக 3,106 ஃப்ராங்க். போக்குவரத்துச் செலவு இருந்தால் அதையும் அடிப்படையில் சேர்ப்பார்கள். கட்டி முடித்ததும் 13.20 ஆ என்ற படிவம் கிடைக்கும், மாநிலப் போக்குவரத்து அலுவலகம் பதிவின்போது அதைக் கேட்கும்.

புதிய வண்டியை நேரடியாக இறக்குமதி செய்பவருக்குக் கார்பன் உமிழ்வுக்கான அபராதக் கட்டணமும் வரலாம். டீசல் வேனில் இது ஒரு பெரிய தொகையாகிவிடுகிறது. வாங்கப்போகும் மாடலின் உமிழ்வு அளவை வைத்துக் கூட்டாட்சிச் சாலை அலுவலகத்தின் கணக்கீட்டை முதலில் பார்த்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இதைப் பார்த்த பிறகே வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டார். அது நல்ல முடிவு.

பிரிட்டனுக்குக் கொண்டுபோனால்? ஒப்பந்தம் இருப்பதால் சுங்கம் இல்லை என்கிறார்களே?

ஒப்பந்தம் உண்டு. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்தில் *தயாரான* பொருளுக்குத்தான், அங்கே *விற்ற* பொருளுக்கு அல்ல. பாரிஸ் ஷோரூமில் நிற்கும் வேன் ஜப்பானில் தயாரானது என்றால் அந்தச் சலுகை பொருந்தாது. அதோடு, ஒன்றியத்தில் தயாரானது என்று சும்மா சொன்னால் போதாது, இன்வாய்ஸில் மூலநாட்டு அறிக்கை இருக்க வேண்டும். 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்கு என்றால் அந்த அறிக்கையைத் தருபவர் ரெக்ஸ் முறையில் பதிவு பெற்ற ஏற்றுமதியாளராக இருக்க வேண்டும். எந்தப் புது வேன் 6,000 யூரோவுக்குக் கீழே கிடைக்கிறது! சிறிய டீலர்கள் பலரிடம் இந்தப் பதிவு இருக்காது. ஃபோனில் முதல் கேள்வியாகவே "உங்களிடம் ரெக்ஸ் எண் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

வித்தியாசம் எவ்வளவு? 35,000 பவுண்ட் வேன். அறிக்கை இருந்தால் சுங்கம் இல்லை, 20 சதவீத வாட் 7,000 பவுண்ட் மட்டும். அறிக்கை இல்லையென்றால் 10 சதவீதச் சுங்கம் 3,500, அதையும் சேர்த்த 38,500 மீது வாட் 7,700, மொத்தம் 11,200. இன்வாய்ஸில் அந்த அறிக்கை இல்லாததற்கு 4,200 பவுண்ட்.

வண்டி வந்து 14 நாட்களுக்குள் வரித்துறையிடம் நோவா என்ற வருகை அறிவிப்பைச் செய்ய வேண்டும். அது முடியாமல் பதிவு நடக்காது. ஆஸ்திரியாவிலும் நோவா என்று ஒன்று உண்டு, அது கார்பன் உமிழ்வை வைத்து வாங்கும் பதிவு வரி. பெயர் ஒன்றானாலும் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒருவர் பிரிட்டன் நோவாவைத் தேடி ஆஸ்திரியப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நார்வே?

வாட் 25 சதவீதம், கூடவே முதல் பதிவு வரி. எடை, உமிழ்வு போன்றவற்றை வைத்து அந்த வரியைக் கணக்கிடுகிறார்கள். இரண்டாம் வகுப்புச் சரக்கு வேனுக்கு அது காரைவிடக் கணிசமாகக் குறைவு. அந்த வகுப்பில் சேர, பின்பக்கச் சரக்கு அறைக்குள் 140 செ.மீ நீளம், 90 செ.மீ அகலம், 105 செ.மீ உயரமுள்ள ஒரு பெட்டி நுழைய வேண்டும். பச்சை நம்பர் பிளேட் மாட்டிய வேன்கள் இவைதான். பின்னால் இருக்கை வைக்க ஆசைப்பட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

பதிவு வரி எல்லா நாட்டிலும் உண்டா?

இல்லை. ஜெர்மனியில் கிடையாது. ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான விதியும் இல்லை, ஒவ்வொரு நாடும் தன் போக்கில் வைத்திருக்கிறது, அடிக்கடி மாற்றவும் செய்கிறது. நெதர்லாந்தில் தொழில் நடத்துவோர் வாங்கும் வேனுக்கு இருந்த பி.பி.எம் என்ற பதிவு வரி விலக்கு 2025 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. ஆஸ்திரியாவில் 2021 ஜூலையில் சரக்கு வேன்களையும் நோவா வரிக்குள் கொண்டுவந்தார்கள், 2025 ஜூலை 1 முதல் மீண்டும் விலக்கிவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் கட்டிய தொகையை நம்பிக் கணக்குப் போடக்கூடாது என்பதற்காகத்தான் இந்த இரண்டையும் சொல்கிறேன்.

ஸ்பெயினில் கார்பன் உமிழ்வுப் படிக்கட்டு உண்டு. கிலோமீட்டருக்கு 120 கிராம் வரை வரியில்லை, அதற்கு மேல் 4.75, 9.75 சதவீதம் என்று ஏறி, 200 கிராமிலிருந்து 14.75 சதவீதம். அயர்லாந்தில் சரக்கு வேன் பெரும்பாலும் பி பிரிவில் வரும், சந்தை விலையில் பொதுவாக 13.3 சதவீதம், உமிழ்வு 120 கிராமுக்குக் குறைவான வேனுக்கு 2025 ஜூலை முதல் 8 சதவீதம். அங்கே வண்டி நாட்டுக்குள் நுழைந்து 7 நாளுக்குள் பரிசோதனைக்கு நேரம் குறித்துவிட்டு, 30 நாளுக்குள் பதிவை முடிக்க வேண்டும்.

சரக்கு வேன், பயணிகள் வேன், கேம்பர் வேன் என்பதால் வரி மாறுமா?

வேன் விஷயத்தில் எல்லாவற்றையும்விட இது முக்கியம். பத்திரத்தில் ஜே என்ற இடத்தில் என்1 என்றிருந்தால் 3.5 டன் வரையான சரக்கு வண்டி, எம்1 என்றிருந்தால் ஓட்டுநரோடு ஒன்பது பேர் வரை செல்லும் பயணிகள் வண்டி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வேன், ஒரே எஞ்சின். ஆனால் பதிவு வரி, ஸ்விஸ் 4 சதவீதம், நார்வே வகுப்பு எல்லாம் இந்த ஓர் எழுத்தில் புரண்டுவிடும். ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறக்கும்போதும் அப்படித்தான். காருக்கு 10 சதவீதச் சுங்கம். டீசல் சரக்கு வேனில் எஞ்சின் 2,500 சிசி வரை 10 சதவீதம், அதற்கு மேல் 22 சதவீதம்.

அமெரிக்காவில் இது இன்னும் கடுமை. கோழிக்கறி மீது ஐரோப்பா போட்ட வரிக்குப் பதிலடியாக 1964 முதல் இலகு சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீதச் சுங்கம் இருக்கிறது. அடுத்துச் சொல்லும் ஃபோர்டு விவகாரம் நடந்தபோது காருக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான். ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் செய்த வேன்களைப் பின் இருக்கையோடு பயணிகள் வண்டியாக இறக்கி, பிறகு இருக்கைகளைக் கழற்றியது. அந்த வழக்கு 2024-இல் 36.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசமானது. இருக்கையைக் கழற்றினால் வகை மாறிவிடும் என்று நமக்கு யாராவது யோசனை சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு வேனாக வாங்கி, பிறகு கட்டில், அடுப்பு வைத்து கேம்பராக மாற்ற நினைப்பவர்கள் நிறைய. மாற்றுவதில் தவறில்லை. ஆனால் வகையை மாற்றிப் பதிவு செய்யும்போது, முன்பு குறைவாகக் கட்டிய பதிவு வரியின் மீதியைச் சில நாடுகள் கேட்கும். அந்தத் தொகையையும் சேர்த்தே உங்கள் திட்டத்தின் செலவைப் போடுங்கள்.

குடிபெயரும்போது வீட்டுச் சாமானோடு கொண்டுபோனால் வரி இல்லையாமே?

அந்தச் சலுகை உண்மை, ஆனால் புது வேனுக்குக் கிடைக்காது. வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் குடியேறுபவர் 12 மாதமாவது வெளியே வசித்திருக்க வேண்டும், வண்டியைக் குறைந்தது 6 மாதம் சொந்தமாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும், வந்த பிறகு 12 மாதம் விற்கக்கூடாது. ஸ்விட்சர்லாந்திலும் 6 மாதப் பயன்பாடு வேண்டும். குடிபெயரப் போவது முன்பே தெரிந்தால், வேனை அதற்கு ஆறேழு மாதம் முன்னதாகவே வாங்கி ஓட்டத் தொடங்குங்கள். எரிபொருள் ரசீது, காப்பீட்டுத் தாள், சர்வீஸ் பதிவு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், கேட்பார்கள்.

வழியில் எந்த நம்பர் பிளேட், எந்தக் காப்பீடு?

ஜெர்மனியில் ஏற்றுமதிக்கென்றே சிவப்புப் பட்டை போட்ட பிளேட் உண்டு. அந்தக் காலத்துக்கான காப்பீடும் வாகன வரியும் கட்டினால்தான் தருவார்கள். மஞ்சள் பட்டை போட்ட ஐந்து நாள் பிளேட் விலை குறைவு, ஆனால் எல்லா நாடுகளும் அதை ஏற்பதில்லை. ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் வண்டிக்கு, கையில் எடுத்த நாளிலிருந்து 30 நாள் வரை சேரும் நாட்டின் காப்பீட்டு நிறுவனமே காப்பீடு தரலாம் என்று விதி இருக்கிறது. உங்கள் ஊர் முகவர் முடியாது என்று சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இங்கே புது வேன் வாங்கி இந்தியாவுக்கு அனுப்பலாமா?

பெரும்பாலோருக்கு ஒத்துவராது. இந்திய விதிப்படி புது வண்டி என்றால் அது வேறெங்கும் பதிவாகியிருக்கக் கூடாது, தயாரான நாட்டிலிருந்தே நேராக வர வேண்டும், வலப்பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாக மட்டுமே இறக்க முடியும். ஐரோப்பாவில் ஒரு நாள் பதிவு செய்தாலும் புது வண்டி என்ற தகுதி போயிற்று. இடப்பக்க ஸ்டியரிங் வேனை நினைக்கவே வேண்டாம்.

கடைசியாக, சாவி வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

இன்வாய்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, வேன் அருகில் போய் நில்லுங்கள். முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் உள்ள 17 எழுத்துச் சாசி எண்ணை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். சாசி எண்ணில் ஆங்கில ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் வரவே வராது. இன்வாய்ஸில் ஓ என்ற எழுத்து தெரிந்தால் அது பூஜ்யத்தைத் தவறாக அடித்தது. நண்பர் ஒருவரின் தாளில் இதே பிழை இருந்தது, எல்லையில் "இது வேறு வண்டி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு இன்வாய்ஸில் முதல் பதிவுத் தேதி அல்லது பதிவாகவில்லை என்ற குறிப்பு, ஓடிய கிலோமீட்டர், வாட் எந்த விதியின் கீழ் விலக்கப்பட்டது என்ற வாசகம், டெபாசிட் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் தரும் சி.ஓ.சி என்ற இணக்கச் சான்றின் அசல் கையில் இருக்க வேண்டும், "தபாலில் அனுப்புகிறோம்" என்றால் அதுவரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அது இல்லாமல் சேரும் நாட்டில் வண்டியைப் பதிவு செய்யப் படாத பாடு பட வேண்டும். எல்லாத் தாளையும் ஃபோனில் படம் எடுத்து, டீலர் முன்னிலையிலேயே உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.